இரவு மருந்தும் காலைக் கரகரப்பும்: இருமல் மருந்துகள் சளியை என்ன செய்கின்றன?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தந்தைக்கு வயது 68. பக்கவாதம் வந்து, ஓரளவு தேறி, இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார். மூன்று வாரமாகச் சளியுடன் இருமல். வீட்டில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. பகலில் கொடுப்பது அம்பிராக்சால், குவைஃபெனசின், டெர்பூட்டலின் கலந்த சிரப். இரவில் கொடுப்பது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், குளோர்ஃபெனிரமின் கலந்த சிரப். இரவு மருந்து கொடுத்தால் அவர் இருமாமல் தூங்குகிறார். ஆனால் விடிந்ததும் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்கிறது. "இருமலை அடக்கியதால் சளி உள்ளேயே தங்கிவிட்டதா? பகல் மருந்து அதை வெளியே கொண்டுவந்துவிடாதா?" என்று கேட்கிறார்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த இரவு மருந்து உங்கள் தந்தைக்கு ஏற்றதல்ல. அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்தக் கரகரப்பைச் சொல்லி அதை நிறுத்துவதைப் பற்றி உடனே பேசுங்கள். பகல் மருந்திடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணம் புரிய வேண்டுமானால், சளி நுரையீரலிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சளி வேறு, இருமல் வேறு. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே பாட்டிலில் தீர்வு தேடுவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இருக்கின்றன. சிலியா என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஒரு செல்லுக்குச் சுமார் 200 இழைகள். ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 6 அல்லது 7 பங்கு. இவை விநாடிக்கு 10 முதல் 15 முறை அடிக்கின்றன. இவற்றைச் சுற்றி நீர்த்த திரவம் ஒரு படலமாக இருக்கிறது. அதன் மேல் சளி இன்னொரு படலமாக மிதக்கிறது. இழை முன்னோக்கி அடிக்கும்போது நிமிர்ந்து நின்று தன் நுனியால் சளியைத் தொட்டுத் தள்ளுகிறது. திரும்பும்போது வளைந்து, கீழே உள்ள நீர்ப் படலத்துக்குள்ளேயே பின்னால் போகிறது. அதனால் சளி எப்போதும் ஒரே திசையில், தொண்டையை நோக்கி நகர்கிறது. பெரிய மூச்சுக்குழாயில் அதன் வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர். நாம் மூச்சோடு உள்ளிழுத்த தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வருகின்றன. தொண்டைக்கு வந்த சளியை நமக்குத் தெரியாமலேயே விழுங்கிவிடுகிறோம். நலமாக இருக்கும் ஒருவருக்கும் நாள்தோறும் சளி ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. அவர் இருமுவதில்லை, ஏனென்றால் இருமத் தேவையில்லை.

நலமான சளியில் சுமார் 97 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் முக்கியமானது மியூசின் என்ற நீளமான புரதம். மியூசின் இழைகள் ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்புகளால் கோத்துக்கொண்டு வலைபோல் ஆவதால்தான் சளிக்கு அந்தக் கொழகொழப்பு வருகிறது. இந்தக் கொழகொழப்பை எதிரியாக நினைத்துவிடக் கூடாது. நுண்ணிழை தள்ளுவதற்குப் பிடிமானம் தருவதே அதுதான். ஒரு குச்சியின் நுனியால் ஜெல்லியைத் தள்ளலாம். தண்ணீரைத் தள்ள முடியாது. சளி அளவுக்கு மீறிக் கெட்டியானால் இழைகள் அதில் சிக்கி நின்றுவிடும். அளவுக்கு மீறி நீர்த்தால் இழைகளின் உழைப்பு வீணாகும். சளி ஈர்ப்பு விசைக்கு இணங்கிக் கீழேயே வழியும். "சளி இளகினால் போதும், வந்துவிடும்" என்று நாம் பரவலாக நம்புவது பாதி உண்மை. சளி இளகுவது ஒரு படி மட்டுமே. அதை மேலே தள்ள ஏதாவது ஒன்று வேலை செய்தாக வேண்டும்.

நுண்ணிழைகளால் முடியாதபோது அந்த வேலையை ஏற்பதுதான் இருமல். வைரஸ் தொற்றில் இழைகள் உள்ள செல்கள் உரிந்துபோகின்றன. புகைபிடிப்பவருக்கு இழைகள் குட்டையாகி மந்தமாகின்றன. வயது கூடக்கூட வேகமும் குறைகிறது. அப்போதெல்லாம் சளியை ஏற்றும் பொறுப்பு இருமலின் மேல் விழுகிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று, பிறவியிலேயே நுண்ணிழைகள் அசையாத ஒரு நோய். அந்த இழைகளை அசைக்கும் டைனீன் என்ற புரதப் பகுதி இவர்களுக்கு இல்லை என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த அஃப்செலியஸ் 1976-ல் காட்டினார். இவர்களுக்கு அடிக்கடி நெஞ்சுச்சளி, சைனஸ் தொல்லை, மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிவது என்று பல சிரமங்கள் வருகின்றன. ஆனாலும் பலர் நடுவயதையும் முதுமையையும் எட்டுகிறார்கள். இழை ஒன்றுகூட அடிக்காத நுரையீரலைப் பல ஆண்டுகள் காப்பாற்றுவதில் பெரும்பங்கு இருமலுக்கு இருக்கிறது. இருமலைத் தொல்லை என்று மட்டும் பார்ப்பவர்களிடம் இந்த நோயாளிகளைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன்.

நல்ல இருமலுக்கு மூன்று வேலைகள் ஒழுங்காக நடக்க வேண்டும். ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். குரல்வளை ஒரு கணம் இறுக மூடி, உள்ளே அழுத்தம் ஏற வேண்டும். பிறகு வயிற்றுத் தசையும் விலா எலும்புத் தசையும் சேர்ந்து காற்றை வேகமாக வெளியே அடிக்க வேண்டும். அந்தக் காற்று பெரிய குழாய்களின் சுவரில் ஒட்டியிருக்கும் சளியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வருகிறது. நுரையீரலின் அடி ஆழத்தில், மிகச் சிறிய குழாய்களில் காற்றின் வேகம் போதாது. அங்கே இருமலால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. அங்கிருந்து சளியைக் கொஞ்சம் மேலே கொண்டுவர நுண்ணிழைகளும் ஆழ்ந்த மூச்சும் வேண்டும்.

உங்கள் தந்தையின் நிலையை இந்த மூன்றோடு பொருத்திப் பாருங்கள். பக்கவாதம் கைகாலை மட்டும் பாதிப்பதில்லை. மூச்சுத் தசைகள் ஒரு பக்கம் பலவீனமாகலாம். குரல்வளை சரியாக மூடாமல் போகலாம். தொண்டையில் ஏதாவது இறங்கினால் உடனே இருமலைக் கிளப்பும் உணர்வே மங்கலாம். வயதாலும் நோயாலும் ஏற்கெனவே வலுவிழந்த இருமல் அது. அதன் மேல் ஒரு அடக்கும் மருந்தைக் கொடுப்பது, எஞ்சியிருக்கும் காவலையும் நீக்குவதாகிவிடும்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் போன்றவை மூளைத் தண்டில் இருமலை ஒருங்கிணைக்கும் நரம்புக் கூட்டத்தின் மேல் செயல்பட்டு, இருமல் கிளம்பத் தேவையான தூண்டுதலின் அளவை உயர்த்துகின்றன. சளியை அவை தொடுவதே இல்லை. சளி ஊறுவது குறையாது; அது நகர்வதற்கு உதவியும் கிடைக்காது. சளியே இல்லாத வறட்டு இருமலில், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொண்டையும் குழாயும் வெறுமனே எரிச்சலடைந்து இரவெல்லாம் இருமும்போது, இவற்றால் சளி தேங்கும் ஆபத்து இல்லை. தூக்கம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அங்கேயும் இவற்றின் பலன் நாம் நினைப்பதைவிடச் சிறியது. மருந்துக்கடைகளில் சீட்டின்றிக் கிடைக்கும் இருமல் மருந்துகள் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2014-ல் தொகுத்துப் பார்த்தபோது, திடீர் இருமலில் அவை பயன்தருகின்றன என்றோ பயனற்றவை என்றோ உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நல்ல சான்று இல்லை என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது. 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தூங்கப்போகும் முன் கொடுத்த தேன் எதுவும் கொடுக்காததைவிட மேலாக இருந்தது; டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் அப்படி மேலாக இல்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம்.

இரவு சிரப்பில் இருக்கும் இரண்டாவது பொருளான குளோர்ஃபெனிரமின் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒவ்வாமைக்கான பழைய தலைமுறை மருந்து அது. மூக்கு ஒழுகுவதை நிறுத்துகிறது என்பதால் சளிக்கு நல்லது என்று தோன்றும். மூக்கு காய்வதற்குக் காரணம், சுரப்பிகளை இயக்கும் அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியை அது தடுப்பது. அதே செய்திதான் மூச்சுக்குழாயின் சுரப்பிகளையும் இயக்குகிறது. அங்கே நீர் குறைந்தால் ஏற்கெனவே தேங்கிய சளி இன்னும் கெட்டிப்படலாம். இதோடு தூக்கக் கலக்கம். வயதானவர்களுக்கு மனக்குழப்பம், சிறுநீர் தடைபடுதல், எழும்போது தடுமாறி விழுதல். பக்கவாதம் வந்தவர் விழுந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்காக ஃபுளுவாக்செட்டின் போன்ற மாத்திரை எடுக்கிறாரா? அப்படியானால் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உடலில் சிதையாமல் அதிகமாகத் தேங்கும். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், பதற்றம் வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இரவு மருந்தைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

இனி அந்தக் காலைக் கரகரப்பு. மருந்தே இல்லாவிட்டாலும் தூக்கத்தில் நுண்ணிழைகளின் வேலை மந்தமாகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் இருமலும் அடங்குகிறது. நாள்பட்ட சளி உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் நீண்ட நேரம் இருமித் துப்புவது இதனால்தான். அதன் மேல் அடக்கும் மருந்தும் தூக்கம் தரும் மருந்தும் சேர்ந்தால் தேக்கம் கூடுவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் உங்கள் தந்தையைப் பொறுத்தவரை இன்னொரு காரணத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். தூக்கத்தில் அவருடைய எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். விழுங்குவதில் சிக்கல் உள்ள பக்கவாத நோயாளிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. நிமோனியா வருவதற்கும் முக்கிய வழி இதுதான். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்ததும் குரல் ஈரமாக, குளறலாக மாறுகிறதா என்று கவனியுங்கள். ஆமென்றால் அது சிரப்பால் தீரும் பிரச்சினை அல்ல. விழுங்குதலைச் சோதிக்கும் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

இருமலின் காவல் எவ்வளவு பெரியது என்பதை இரத்த அழுத்த மாத்திரைகளிலும் பார்க்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தருகின்றன. பிராடிகைனின் போன்ற பொருள்கள் மூச்சுக்குழாயில் சேர்ந்து இருமல் நரம்புகளைக் கூர்மையாக்குவது காரணம். அதைப் பக்கவிளைவு என்றே எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒரு கணக்கில், இந்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பக்கவாதம் வந்தவர்களிடமும் ஆசியர்களிடமும் அந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. தொண்டையின் உணர்வு கூர்மையானால் நுரையீரல் தப்புகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உங்கள் தந்தை அந்த வகை மாத்திரை எடுக்கிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று வார இருமலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பகல் மருந்துக்கு வருகிறேன்.

அதில் உள்ள அம்பிராக்சாலின் வரலாறு நமக்கு நெருக்கமானது. நம் வேலிகளில் வளரும் ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. இருமலுக்கும் இளைப்புக்கும் (ஆஸ்துமா) சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இலை அது. வாசிசினின் வேதியமைப்பை அடிப்படையாக வைத்து ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது புரோம்ஹெக்சின். அது உடலுக்குள் போய் மாறும்போது உண்டாகும் பொருள்தான் அம்பிராக்சால். இது சுரப்பிகளை நீர்த்த சளியைச் சுரக்கவைப்பதாகவும், குழாய்ச் சுவரில் வழுக்கும் தன்மை தரும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைக் கூட்டுவதாகவும் ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. சளி சுவரில் ஒட்டாமல் இருப்பது முக்கியமான விஷயம். இருமலால் சளி வருவதற்குக் கெட்டித்தன்மை குறைவதைவிட ஒட்டும் தன்மை குறைவதே அதிகம் உதவுகிறது. ஆனால் நோயாளியிடம் அளந்து பார்க்கும்போது பலன் மிதமாகவே இருக்கிறது. அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் தோல் கொப்புளங்களும் வரலாம் என்பதால் 2015-ல் ஐரோப்பிய மருந்து முகமை அம்பிராக்சாலுக்கும் புரோம்ஹெக்சினுக்கும் எச்சரிக்கை சேர்த்தது. மருந்து தொடங்கியபின் தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

குவைஃபெனசின் வேறு வழியில் போகிறது. அது இரைப்பையின் நரம்புகளைத் தூண்டி, அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக மூச்சுக்குழாய்ச் சுரப்பிகளுக்குச் செய்தி அனுப்பி, நீரைச் சுரக்கவைப்பதாகக் கருதப்படுகிறது. அதிக அளவில் கொடுத்தால் வாந்தி வருவதும் இதே வழியில்தான். சளி வெளியேறும் வேகத்தை இது தெளிவாகக் கூட்டுகிறது என்று காட்டும் ஆய்வுகள் உறுதியானவை அல்ல. கெடுதல் குறைவு, பலனும் குறைவு என்பது என் மதிப்பீடு.

டெர்பூட்டலின் உண்மையில் இளைப்பு மருந்து. இறுகிய குழாயை விரிக்கிறது. நுண்ணிழைகள் சற்று வேகமாக அடிக்கவும் உதவுகிறது. இளைப்பு இருப்பவருக்கு இது பயன்தரும். இல்லாதவருக்குக் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிஞ்சும். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்புக் கோளாறும் உள்ளவருக்கு வாய்வழியாகக் கொடுப்பதில் கவனம் தேவை. வேண்டும் என்றால் மூச்சோடு இழுக்கும் இன்ஹேலரே நல்லது. குறைந்த அளவு மருந்து நேராகக் குழாய்க்குப் போகும். மெந்தால் சேர்த்திருந்தால் மூச்சு தாராளமாக வருவதுபோலத் தோன்றும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது. அடைப்பு அப்படியே இருக்கும்.

சளியை உண்மையிலேயே வெட்டும் மருந்துகள் இவற்றைவிட வலிமையானவை. அவற்றின் கதையில்தான் நாம் கற்க வேண்டியது அதிகம். அசெட்டைல்சிஸ்டைன் மியூசின் வலையின் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. குவளையில் வைத்த சளியில் ஊற்றினால் கண்முன்னே இளகும். ஆனால் மாத்திரையாக விழுங்கினால் மூச்சுக்குழாய்ச் சளியை அது எட்டும் அளவு மிகக் குறைவு; ஆவியாக இழுத்தால் சிலருக்குக் குழாய் இறுகிவிடுகிறது. சீனாவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு ஓராண்டு தினம் இரண்டு முறை 600 மில்லிகிராம் கொடுத்தபோது நோய் முற்றும் தடவைகள் குறைந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பாவில் தினம் ஒரு முறை கொடுத்த 2005 ஆய்வில் அந்தப் பலன் இல்லை. பலன் கிடைத்த இடத்திலும், சளி இளகியதால் என்பதைவிட அழற்சி குறைந்ததால் இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். எப்படியானாலும் அது மாதக்கணக்கில் எடுக்கும் சிகிச்சை. மூன்று நாள் சளிக்கு அதைக் கரைத்துக் குடிப்பதற்கு அந்த ஆய்வுகள் ஆதரவாகா.

குழந்தைகளிடம் நடந்தது இன்னும் கவலைக்குரியது. பிரான்சில் கார்போசிஸ்டைன், அசெட்டைல்சிஸ்டைன் சிரப்புகளை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுப்பதை 2010-ல் நிறுத்தினார்கள். சில குழந்தைகளுக்கு மருந்துக்குப் பின் சளி மிகுந்து மூச்சுத்திணறல் கூடியதே காரணம். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. இருமலில் வலு இல்லை. மருந்து சளியின் அளவைக் கூட்டி நீர்க்கச் செய்தது. அதை ஏற்றி வெளியே தள்ளும் திறன் குழந்தையிடம் இல்லை. உங்கள் தந்தையின் நிலையும் இந்த ஒரு விஷயத்தில் அந்தக் குழந்தைகளின் நிலையைப் போன்றதுதான். தள்ளும் வலு இல்லாத இடத்தில் இளக்கும் மருந்து பாரத்தைக் கூட்டலாம்.

சளிக்குச் சளி வேறுபடும் என்பதற்கு டோர்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்து நல்ல சான்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயில் சளி பசைபோல் ஆவதற்கு, இறந்த வெள்ளையணுக்களிலிருந்து கொட்டிய டிஎன்ஏ இழைகள் ஒரு முக்கியக் காரணம். அந்த டிஎன்ஏவை வெட்டும் இந்த நொதி மருந்துக்கு 1993 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நோயாளிகளுக்கு நன்றாக உதவியது. அதையே, வேறு காரணத்தால் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நோய் முற்றும் தடவைகள் கூடின. நுரையீரல் திறனும் குறைந்தது. 1998-ல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு அந்த நோய்க்கு அந்த மருந்து கூடாது என்பது வழக்கமாயிற்று. வெளிப்பார்வைக்கு இரண்டு நோயிலும் ஒரே மாதிரி மஞ்சள் சளிதான்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் இன்னொரு மருந்தும் நிலைபெற்றது: வெறும் உப்புநீர். கடலில் அலைச்சறுக்கு விளையாடும் நோயாளிகள் மற்றவர்களைவிட நலமாக இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கவனித்தார்கள். 7 சதவீத உப்புநீரை ஆவியாக இழுக்கவைத்துச் சோதித்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. நோய் முற்றும் தடவைகள் கணிசமாகக் குறைந்தன. உப்பு குழாய்ச் சுவரிலிருந்து நீரை இழுத்து இழைகளைச் சுற்றியுள்ள நீர்ப் படலத்தை நிரப்புகிறது. கூடவே அது இருமலையும் கிளப்புகிறது. சளியை இளக்கி, தள்ளுவதற்கும் ஆள் சேர்க்கும் மருந்து என்பதால் அது வேலை செய்கிறது. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இளைப்பு உள்ளவருக்குக் குழாய் இறுகிவிடும்.

இந்தப் பின்னணியில் நம் நாட்டுப் பாட்டில்களைப் பாருங்கள். இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனையும் சளியைக் கூட்டி வெளியேற்ற வேண்டிய புரோம்ஹெக்சின், அம்மோனியம் குளோரைடு போன்றவற்றையும் ஒரே சிரப்பில் கலந்து பல ஆண்டுகள் விற்றார்கள். ஒன்று சளியை நீர்க்கவைத்து "இருமித் துப்பு" என்கிறது; மற்றது "இருமாதே" என்கிறது. 2023 ஜூன் மாதம் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளைத் தடைசெய்து அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட இருமல், சளி மருந்துகளே. மருந்தியல் பார்வையில் இந்தக் கலவைகள் அதற்கு முன்பும் பொருத்தமற்றவையே. உங்கள் வீட்டில் அதே முரண்பாடு இரண்டு பாட்டில்களாகப் பிரிந்து, பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று இருக்கிறது. பகலில் இளக்கிய சளி இரவில் எங்கே போகும்?

பேரக்குழந்தைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பாட்டில்களிலிருந்து ஒரு சொட்டுகூட அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம், இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. நஞ்சு இல்லாமல் சரியாகத் தயாரித்திருந்தாலும் அந்த வகை சிரப் குழந்தையின் சளியை வெளியேற்ற எதுவும் செய்திருக்காது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

சரி, மருந்து இல்லாமல் என்ன செய்வது?

தந்தையைத் தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள். தலைப்பக்கம் 30 பாகை அளவாவது உயர்ந்திருக்கட்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். தினம் இரண்டு வேளை, வயிறு காலியாக இருக்கும்போது, நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக ஆழ்ந்து மூச்சிழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, பிறகு வாயை அகலத் திறந்து கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல் "ஹா" என்று பலமாக ஊதச் சொல்லுங்கள். இருமலைவிடக் குறைந்த களைப்பில் இது சளியைக் கீழிருந்து பெரிய குழாய்க்குக் கொண்டுவரும்; கடைசியில் ஒரே ஒரு இருமல் போதும். நெஞ்சுப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் ஒருமுறை கற்றுக்கொடுத்தால் பலவீனமான பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவார். விலா எலும்புக்குக் கீழே கைவைத்து இருமலுக்கு வலுச்சேர்க்கும் முறையையும் உங்களுக்குக் காட்டுவார். தினம் கொஞ்சம் நடப்பதும் சளியை நகர்த்தும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "நிறையத் தண்ணீர் குடித்தால் சளி இளகும்" என்பார்கள். உடல் வறண்டிருந்தால் அதைச் சரிசெய்வது உதவும். அதற்கு மேல் குடிப்பதால் மூச்சுக்குழாய்ச் சளி நீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்குத் தண்ணீரே எளிதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். விழுங்குதலைச் சோதிக்கும்வரை சிறு சிறு மிடறாக, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்திக் குடிக்கச் சொல்லுங்கள். ஆவிபிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, தடுமாற்றம் உள்ள ஒருவர் ஆவிபிடிப்பதை நான் அனுமதிக்க மாட்டேன்.

சாதாரண மூச்சுக்குழாய் அழற்சியில் இருமல் சராசரியாகச் சுமார் 18 நாள் நீடிக்கும் என்பதும், பெரும்பாலோர் ஒரு வாரத்தில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஆய்வுகளில் பதிவானவை. பொறுமையின்றிப் பாட்டில் மேல் பாட்டில் மாற்றுவதற்கு அந்த இடைவெளி ஒரு காரணம். ஆனால் உங்கள் தந்தைக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. பக்கவாதம் வேறு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் நெறிமுறை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதை மட்டும் வைத்து நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். அந்த நிறம் வெள்ளையணுக்களால் வருவது, வைரஸ் தொற்றிலும் வரும்.

காய்ச்சல், மூச்சுவாங்குதல், சளியில் இரத்தம், வழக்கத்துக்கு மாறான மயக்கம் அல்லது குழப்பம், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முதியவர்களுக்கு நிமோனியா சில நேரம் காய்ச்சலே இல்லாமல், சாப்பிட மறுப்பதிலும் சோர்ந்து கிடப்பதிலும் மட்டுமே தெரியும். மருத்துவரிடம் போகும்போது இரண்டு பாட்டில்களையும், அவர் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.